வெண்டைக்காய்க்கு வந்த நிறம்

மூன்றாவது அச்சுப் பிளேட். மூன்றாவது தாள். சே!

அவள் தாளைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு ஓடினாள். திரையில் அவள் முகம், அவள் நிறத்தில். தாளில் அதே முகம், பாலில் முக்கி எடுத்த மாதிரி.

அவளுடைய கல்யாணப் பத்திரிகை. ஏழு வருடமாக இந்த அச்சகத்தில் ஊரார் பத்திரிகைகளுக்கெல்லாம் நிறம் சரிபார்த்துக் கொடுத்தவள், முதன்முறையாகத் தன் படத்தைப் போடுகிறாள்.

மாப்பிள்ளை அவளை நேரில் பார்த்து, பிடித்துத்தான் சரி என்றார். பத்திரிகையில் வேறு எவளோ நிற்பதா? விடமாட்டாள்.

திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாகிவிட்டது. நிற அளவுகளை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. நேற்று இதே மெஷினில் ஓடிய வெண்டைக்காய் விதைப் பாக்கெட், திரையில் இருந்த அதே பச்சையில் வந்தது.

இவள் முகத்துக்கு மட்டும் என்ன கேடு?

நான்காவது பிளேட் மெஷினில் ஏறியது. இந்த முறை அவள் மேசைக்குத் திரும்பவில்லை. பக்கத்திலேயே நின்றாள்.

மெஷின் ஓரத்தில் ஒரு பத்திரிகை ஒட்டியிருந்தது. மெஷின்மேன் குருவையாவின் மகள் மாரித்தங்கத்தின் கல்யாணம். போன வருடம் அவரே ஓட்டியது.

குருவையாவின் கை மை விடும் திருகுகளுக்குத் தானாகப் போனது. கறுப்பில் கொஞ்சம் குறைத்தார். நீலத்தில் கொஞ்சம்.

அட, இங்கேதானா!

“அண்ணாச்சி!”

அவர் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார். “கல்யாணப் பொண்ணுல்ல தாயி. கொஞ்சம் வெளுப்பா இருக்கட்டுமேன்னுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யறதுதான்.”

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. திருகுகளை அவளே பழைய இடத்துக்குத் திருப்பினாள்.

தாள் விழுந்தது.

ஐயோ, வந்துவிட்டது! நெற்றி, கன்னம், கழுத்து, எல்லாம் அவளேதான். ஈரம் காயாத தாளுக்குப் பக்கத்தில் மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள். திரை, தாள், கை, மூன்றும் ஒரே நிறம். வளையல் குலுங்க அங்கேயே குதித்துவிட்டாள்.

குருவையா தாளை வாங்கினார். தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தாளை.

பிறகு மெஷின் ஓரத்தில் ஒட்டியிருந்த பத்திரிகைக்குத் திரும்பினார். அதில் வெள்ளைவெளேரென்று ஒருத்தி மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“தாயி, நம்ம மாரித்தங்கம் படம் உன் கம்ப்யூட்டர்ல இன்னும் கிடக்கா?”

“இருக்கே அண்ணாச்சி.”

“ஒரே ஒரு தாள் போட்டுக் குடேன்.”