கண்ணுக்குள் பவளக்காடு

கடலில் மூழ்கிச் சங்கு எடுத்துப் பிழைத்த மிக்கேலுக்குப் பார்வை போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் ஒரு கண் டாக்டர் அவருடைய விழித்திரை ரத்தக் குழாய்களைப் படமெடுத்து, அறை முழுவதும் ஆள் உயர முப்பரிமாண ஒளியுருவாக விரித்தார். மனைவி ஜெசிந்தா அதற்குள் நடந்தாள்.

"என்ன தெரியுது?" என்றார் மிக்கேல்.

"உங்க கண்ணுக்குள்ள நிக்கேன். கடலுக்கடியில பவளக்காடு இருக்குன்னு சொல்வீங்கல்ல, அப்படிச் செவப்பா இருக்கு."

"இடது கண்ணுல அழுத்தம் நரம்பைக் கொன்னுடுச்சு. குழாயெல்லாம் வறண்டுபோச்சு," என்றார் டாக்டர். "வலதுல வீக்கம்தான். நரம்பைச் சுத்தி ரத்தம் ஓடுது பாருங்க. அது சாகல, உறங்குது. எழுப்பிடலாம்."

ஓடும் ஒளியின் நடுவே நின்று ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் வலது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து கட்டை அவிழ்த்ததும் மிக்கேல் அவளையே வெகுநேரம் பார்த்தார்.

"ஏட்டி, தலை எப்போ நரைச்சுது?" என்றார்.