பூக்கடைக்கு எதுக்குப் பரீட்சை?

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு வேணும், நோரீன்."

ரோஜாத் தண்டுகளில் முள் நீக்கிக்கொண்டிருந்த நோரீன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எதுக்கு?"

"காலேஜ்ல பரீட்சை. மலர் அலங்காரம், முதல் கட்டம்."

நோரீன் கடகடவென்று சிரித்தாள். கடையில் பூங்கொத்துக்காகக் காத்திருந்த பெரியவரையும் துணைக்குக் கூப்பிட்டாள்.

"கேட்டீங்களா? பூ கட்டப் பரீட்சையாம்! முப்பது வருஷமா இந்த டுவும்பா ஊர்ல பாதிக் கல்யாணத்துக்கு என் கடைப் பூதான். நீ எந்தக் காலேஜ்ல படிச்சேன்னு எந்த மணப்பெண்ணாவது கேட்டிருக்காளா?"

கெர்ரிக்கு முகம் சிவந்தது. நாற்பத்தோரு வயது. பூ மேல் இருந்த பைத்தியத்தில் ஸ்கூல் பஸ் ஓட்டும் வேலையை உதறிவிட்டு வந்தவள்.

"நான் இத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன். லைசென்ஸ் இல்லாம ஒரு நாளாவது ஓட்ட விட்டாங்களா?"

"பஸ் மோதினா ஆள் போயிடுவான். பூங்கொத்து சரிஞ்சா யார் சாவா?"

"கல்யாணப் பொண்ணோட அம்மா" என்றார் பெரியவர்.

கெர்ரிகூடச் சிரித்துவிட்டாள். நோரீன் சிரிக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை முடியாது. நான் வார்விக் போறேன். அக்காவுக்குக் கண் ஆபரேஷன். கடையை நீதான் பாத்துக்கணும்."

"இதுல பாஸானாத்தான் எங்கயாவது அப்ரண்டிஸா சேந்து முறையாத் தொழில் கத்துக்கலாம். நீங்க சேத்துக்க மாட்டேங்கறீங்க. பிரிஸ்பேன்ல ஒரு கடைக்காரர் கூப்பிடறார்..."

"வேலை செய்யறே, சம்பளம் வாங்கறே. இதுல அப்ரண்டிஸ் என்ன கேடு? இந்தக் கடையில அந்தப் பேச்சே கிடையாது."

கத்தரியை மேசையில் வைத்த சத்தத்தோடு பேச்சு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. காலேஜ் வாசலில் காரை நிறுத்திவிட்டு, கெர்ரி குரலைத் தொய்வாக்கிக்கொண்டு போன் செய்தாள்.

"நோரீன்... ராத்திரியெல்லாம் வாந்தி. எழுந்திருக்கவே முடியலை."

இடி விழும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தாள். விழவில்லை.

"சரி கண்ணு, படுத்துக்கோ. ஒரு நாள் கடையை மூடினா ஒண்ணும் குடி முழுகிடாது."

இவ்வளவு சுலபமா? கெர்ரிக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் உள்ளே போய்விட்டாள்.

மணப்பெண் கொத்துக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் தேர்வாளர் யாரையோ கேட்பது காதில் விழுந்தது.

"இந்த லில்லியை ஏன் இந்த இடத்துல வெச்சீங்க?"

"அங்கதான் நல்லா இருக்கு."

"அது சரி. காரணம்?"

"நல்லா இருக்கறதுதான் காரணம்."

தெரிந்த குரல். கெர்ரி திரும்பினாள்.

நோரீன்! முடியைச் சீவிப் படிய வைத்து, விசேஷங்களுக்குப் போடும் நீலச் சட்டையில், நெற்றியெல்லாம் வியர்வையாக நின்றிருந்தாள். போனில் சண்டை போட்டுக்கொண்டே கல்யாணக் கொத்து கட்டும் அந்தக் கை லில்லியை எடுப்பதும் திரும்ப அதே இடத்தில் வைப்பதுமாக இருந்தது. அந்த வரிசை, வகுப்புக்கு வராமல் அனுபவத்தைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வருகிறவர்களுக்கானது.

இடைவேளையில் கெர்ரி அவளைத் தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?"

நோரீன் டீக் கோப்பையை வாயிலிருந்து இறக்கினாள். "உனக்கு வாந்தி நின்னுதா?"

"நான் சொன்னது பொய்தான், ஒத்துக்கறேன். நீங்க செஞ்சது என்ன? வர்றவங்க போறவங்க முன்னாடியெல்லாம் என் படிப்பைக் கேலி பண்ணிட்டு, எனக்கு லீவும் குடுக்காம, நீங்க மட்டும் திருட்டுத்தனமா வந்து சான்றிதழ் வாங்கப் பாக்கறீங்க! வெக்கமா இல்லை?"

நோரீன் நீலச் சட்டையின் பொத்தானைத் திருகினாள்.

"நான் பிரிஸ்பேனுக்கே போறேன். கடைக்கு வேற ஆள் பாத்துக்கோங்க."

டீயைக் குடிக்காமலே கோப்பையோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, நோரீன் உள்ளே போனாள்.

தேர்வு முடிந்து கெர்ரி வெளியே வந்தபோது, பின்வரிசைத் தேர்வாளர் படியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"அந்த நீலச் சட்டைக்காரம்மா பாஸா?"

"எங்கே! கை வேலை பிரமாதம். கேள்வி கேட்டா மட்டும் ஒரு பதிலும் வர மாட்டேங்குது. இது மூணாவது தடவை. மறுபடி எப்பன்னு கேட்டுட்டுப் போறாங்க."

"என்ன ஒரு ஆசை!" என்றாள் கெர்ரி கிண்டலாக.

"ஆசையா? இந்த வயசுல ஒரு காகிதத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்கன்னு காலையிலயே நானும் கேட்டேன். முதலாளிகிட்ட சான்றிதழ் இருந்தாத்தான் அப்ரண்டிஸ் சேத்துக்க முடியும்னு விதி இருக்கு இல்லையா? கடையில ஒருத்தி இருக்காளாம். 'என்னை விட நல்லா வருவா. பிரிஸ்பேன்காரன் கொத்திட்டுப் போறதுக்குள்ள நான் பாஸாகணும். தோத்துட்டுத் தோத்துட்டு வர்றது அவளுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்'னு அழாத குறையாச் சொன்னாங்க."



தேர்வாளர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கெர்ரின்னு பேராம். இந்த ஊர்தான். உங்களுக்குத் தெரியுமா அவளை?"