முதல் கேள்வி

கட்டட காண்ட்ராக்டர் லைசென்சுக்கான நேர்காணல் பத்து மணிக்கு. கணபதி பகுதியில் உள்ள தன் வீட்டில் சுரேந்தர் விடிந்ததிலிருந்தே கேள்விகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தட்டில் வைத்த இட்லியைத் தொடவே இல்லை.

"ஏனுங்க, மொதக் கேள்விய இன்னொருக்காச் சொல்லிப் பாருங்க," என்றாள் மனைவி பிரவீனா.

"காங்கிரீட் போட்டா எத்தன நாளைக்குத் தண்ணி... தண்ணி..."

"தண்ணி உடோணும்! நேத்து மனப்பாடமாச் சொன்னீங்களே?"

"வாய் கொழறுது அம்மணி. வர்றவங்க எல்லாம் முப்பது வருசம் சைட்டுல நின்ன மேஸ்திரிங்க. அவுங்க முன்னால நான் எம்மாத்திரம்?"

"நெஞ்ச நிமித்திப் போங்க. எல்லாம் நல்லா நடக்கும்."

பத்து மணிக்குச் சாமியை வேண்டிக்கொண்டே அறைக்குள் காலை வைத்தான். உள்ளே காத்திருந்த அன்னூர் மேஸ்திரி அங்கப்பன் கையிலிருந்த ஃபைலை நழுவவிட்டபடி சடாரென்று எழுந்தார்.

"வணக்கமுங்க ஆபீசர் சார்!"

பதவி உயர்வு வந்த இரண்டாம் நாளே கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்த சுரேந்தர், தொண்டையைச் செருமினான். காங்கிரீட்டும் தண்ணியும் போன இடம் தெரியவில்லை. வாயில் வந்தது இதுதான்:

"சாப்டீங்களா?"

"எங்கீங்க! பயத்துல இட்லியே எறங்கலீங்க."

"அட, எனக்குந்தானுங்க!" என்று நாற்காலியை விட்டே துள்ளி எழுந்துவிட்டான் சுரேந்தர்.