ஆடு கறுப்பா, வெள்ளையா?

"எம்மா வினோலியா, நீ எழுதுன ஆட்டைத் தேடி ஜப்பான்ல இருந்து ஆள் வந்திருக்கு!"

மாடிப்படி ஏறிவந்த வேகத்தில் இசக்கிபாண்டி அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. கோவில்பட்டியில், கடலைமிட்டாய்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். மூன்று கம்ப்யூட்டர், மூன்று பெண்கள். வெளிநாட்டு இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதித் தரும் வேலை.

"எந்த ஆடு அண்ணாச்சி?"

"எத்தனை ஆடும்மா எழுதியிருக்க? மினோஹாரா எஃப்.சி.!"

வினோலியாவுக்கு நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எழுதியது. ஜப்பானில் ஏதோ ஒரு சிற்றூரின் கால்பந்து கிளப். அதன் வரலாறும் அடையாளமும் எண்ணூறு வார்த்தையில் வேண்டும் என்றார்கள். எவ்வளவு தேடியும் கிடைத்தது மூன்றே வரிகள். 1954இல் நூற்பாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. பச்சைச் சட்டை. ஆற்றோர மைதானம்.

அவள் படித்தது இயற்பியல். மூன்று வரியை எண்ணூறு வார்த்தையாக்க அதில் எந்த விதியும் இல்லை. அதனால் ஓர் ஆட்டைச் சேர்த்தாள். கிளப்பின் முதல் பந்தயம். கடைசி நிமிடம். கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறார். வலையோரம் புல் மேய்ந்துகொண்டிருந்த ஆடு தலை நிமிர்கிறது. பந்து அதன் நெற்றியில் பட்டுத் திரும்புகிறது. கிளப் ஜெயிக்கிறது. அன்றிலிருந்து ஆடுதான் அந்த ஊரின் பெருமை.

"கேஸ் போட வந்திருக்காருன்னு நினைக்கேன்" என்றார் அண்ணாச்சி. "இந்த வெயில்ல கோட்டு போட்டுருக்காரு. கட்டுரை பொய்னு அந்த சைட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா நம்ம நாலு பேரு பொழப்பும் போச்சு. ஆதாரம் இருக்குன்னு சொல்லிரு."

"எனக்குப் பேச்சுல பொய் வராது அண்ணாச்சி."

"எழுத்துல மட்டும் எப்படிம்மா வந்துச்சு?"

"எழுதும்போது யாரும் முகத்தைப் பாக்க மாட்டாவல்லா."

அதற்குள் வந்தவர் வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். குனிந்து வணங்கினார். அண்ணாச்சியும் குனிந்தார். அவர் மறுபடி குனிந்தார். அண்ணாச்சியும் விடவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு வந்தவர் செல்போனை எடுத்து ஜப்பானிய மொழியில் பேசினார். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பதுபோல் தமிழில் சொன்னது.

"மதிப்பிற்குரிய எழுத்தாளரே, என் பெயர் ஒகுமுரா. மினோஹாரா கிளப்பின் செயலாளர். பெரிய நகரத்துக் கிளப்போடு எங்களை இணைத்துவிட முடிவு செய்திருந்தார்கள். அடையாளமே இல்லாத கிளப் எதற்கு என்று கேட்டார்கள். அப்போது உங்கள் கட்டுரை கிடைத்தது. ஊர் முழுக்கப் படித்தது. இப்போது மைதானத்தில் உட்கார இடமில்லை. குழந்தைகள் கொம்பு வைத்த தொப்பியோடு வருகிறார்கள்."

"கேஸ் இல்ல போலயே" என்று கிசுகிசுத்த அண்ணாச்சி, கடலைமிட்டாய்த் தட்டை நகர்த்தி வைத்தார்.

"எண்பத்தொன்பது வயதுப் பெரியவர் ஒருவர், அன்று விழுந்து கிடந்த கோல்கீப்பர் தான்தான் என்று சொல்லி அழுதார். ஒரு மூதாட்டி ஆட்டின் கழுத்து மணியைக் கொண்டுவந்து கொடுத்தார்."

வினோலியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாதம் ஆட்டுக்குச் சிலை திறக்கிறோம். பிரச்சினை அதில்தான். ஆடு கறுப்பு என்கிறார் பெரியவர். வெள்ளை என்கிறார் மூதாட்டி. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். போன வாரம் அடிதடி. நீங்கள் சொல்வதை ஏற்பதாக இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆடு கறுப்பா, வெள்ளையா?"

"கறுப்புன்னு சொல்லிரும்மா" என்றார் அண்ணாச்சி. "சிலைக்கு அழுக்குத் தெரியாது."

வினோலியா நிமிர்ந்தாள்.

"செவலை."

"என்னது?"

"செவலை ஆடு சார். நெத்தியில வெள்ளைப் பொட்டு இருக்கும். அது எங்க ஊர் ஆடு. புதூர்ல, பக்கத்து வீட்டு சங்கரம்மாள் அக்கா வளத்தது. நான் ஒம்பதாங் கிளாஸ் படிக்கையில, பந்து அது நெத்தியில பட்டதைக் கண்ணால பாத்தேன். அடி பட்டு ரெண்டு நாள் அது தீனி எடுக்கல. அதுவும் கால்பந்து இல்ல சார், ஹாக்கி. உங்க ஊர்ல ஆடு வரவே இல்ல. உங்க கிளப்பைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது இன்டர்நெட்ல கெடந்த மூணு வரிதான். என்னை மன்னிச்சிருங்க."

இந்த அலுவலகத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

செல்போன் அத்தனையையும் ஜப்பானிய மொழியில் சொல்லி முடித்தது. ஒகுமுரா ஒரு கடலைமிட்டாயை எடுத்து மெதுவாக மென்றார். விழுங்கியபின் கேட்டார்.

"அந்த ஆடு நிச்சயமாக இருந்ததா?"

"இருந்துச்சு சார்."

"பந்தைத் தடுத்ததா?"

"தடுத்துச்சு."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். செல்போனின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அவளுக்கு முன்னால், நெற்றி மேசையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"அந்த மூன்று வரிகளை எழுதியது நான்தான்" என்றது பெண் குரல். "எங்கள் ஊரில் நூற்பாலையே கிடையாது, கிளப் தொடங்கி ஒன்பது வருடம்தான் ஆகிறது. எங்கள் வரலாற்றில் உண்மை என்று இருப்பது உங்கள் ஆடு ஒன்றுதான்."