முதல் நாள் செய்தி

"வேணாம் மேடம். இந்த நியூஸ் வந்துச்சுன்னா நாளைக்கு நாம ரெண்டு பேரும் வீட்லதான் உக்காந்திருப்போம்."

நிருபர் ஜெகதீசன் இதைச் சொன்னபோது, ஆசிரியர் புஷ்பா கம்ப்யூட்டரில் தலைப்பின் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

"நம்ம பேப்பர் வழக்கம் தெரியாதா உங்களுக்கு?"

தெரியாமல் என்ன? 'அந்திச் செய்தி' வாசகர்கள் எல்லோருக்குமே தெரியும். தங்கசாலைத் தெருவில் பிறந்து, இடம் போதாமல் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் குடிவந்த மாலைப் பத்திரிகை அது. ஆரம்பித்தவர் காலமானதும் ஓர் எண்ணெய் வியாபாரி அதை வாங்கினார். அவர் வந்த அன்றே, அவருடைய மில் எண்ணெயில் கலப்படம் என்று முதல் பக்கத்தில் செய்தி. மனுஷர் படித்துவிட்டுச் சிரித்தார். அன்று தொடங்கியது வழக்கம். புது முதலாளி வருகிற முதல் நாள், அவருடைய குறை ஒன்று முதல் பக்கத்தில் வந்தாக வேண்டும். முதலாளி மாறலாம், பத்திரிகை மாறாது என்று ஊருக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி ஏது?

அடுத்து வந்த சினிமா ஃபைனான்சியர் சிரிக்கவில்லை. ஆசிரியரை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார். வாசகர்கள் பேப்பரைத் தொடுவதையே விட்டுவிட, ஒரே மாதத்தில் அவரே போய் ஆசிரியரைக் கூட்டிவந்தார். அவருக்குப் பின் வாங்கிய வீட்டுமனைக்காரர், தன் மனைகள் ஏரிக்குள் இருப்பதாக வந்த பக்கத்தைச் சட்டம் போட்டுத் தன் அறையிலேயே மாட்டிக்கொண்டார். ஏரியை மட்டும் விடவில்லை.

இப்போது வாங்கியிருப்பவர் நாகப்பன். இதே எஸ்டேட்டில் லேத் பட்டறை ஆரம்பித்து, அதைப் பெரிய கம்பெனியாக்கியவர். இன்று மாலை பொறுப்பேற்க வருகிறார். ஒரு வாரம் அலைந்தும் அவர்மேல் ஒரு குறை கிடைக்கவில்லை. தொழிலாளிகளைக் கேட்டால் புகழ்ந்து தள்ளினார்கள். இத்தனை வருஷத்து வழக்கம் தன் காலத்திலா நின்றுபோக வேண்டும் என்று புஷ்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுதான் அந்த போன் வந்தது.

"போன் பண்ணது யாருன்னே தெரியல மேடம். பேரைக் கேட்டதும் வெச்சிட்டாரு. யாராவது ஆகாதவன் கிளப்பிவிட்டிருந்தா?"

"ஆகாதவன் சொன்னா என்ன? சுவர் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. கம்பெனி காம்பவுண்டு சுவர், பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குப் போற சந்துக்குள்ள வந்து நிக்குது. போன்ல நாலடின்னாரு. நான் டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன். ஆறடி. ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பொம்பளைங்க எல்லாம் சுத்திக்கிட்டுத்தான் ரயிலுக்குப் போறாங்க."

"கம்பெனியில கேட்டீங்களா?"

"மேனேஜரைக் கேட்டேன். பழைய சுவர், பாக்கறோம்னாரு. அதையும் எழுதியிருக்கேன்."

"அப்புறம் என்ன பயம்?"

"ஆவடி ஃப்ளாட்டுல போன மாசம்தான் பால் காய்ச்சினேன் மேடம்."

புஷ்பாவுக்கு அவரைக் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. "சரி, உங்க பேர் வேணாம். செய்தி என் பேர்ல வரட்டும்" என்றார்.

ஜெகதீசன் கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

"இல்ல மேடம். அளந்தது நான். என் பேரே இருக்கட்டும்."

மாலையில் மாலையும் சால்வையுமாக வாசலில் காத்திருந்தவர்களைக் கடந்து, நாகப்பன் விறுவிறுவென்று உள்ளே வந்தார். கையில் அன்றைய பேப்பர். அச்சு மை விரலில் ஒட்டியிருந்தது. ஆசிரியர் குழு மொத்தமும் எழுந்து நின்றது.

"செவுரு மேட்டர எய்தனது யாரு?"

ஜெகதீசன் ஓரடி முன்னால் வந்தார். புஷ்பா அவருக்கும் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"போடச் சொன்னது நான் சார். எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க. வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன். ஆனா மறுப்பு மட்டும் போட மாட்டேன்."

"மறுப்பு யாரும்மா கேட்டா? என் வாட்டி மட்டும் ஒண்ணும் வராம போயிருந்தா, நாகப்பன் பேப்பரோட சேத்து அதோட வாயையும் வாங்கிட்டான்னு ஊரே பேசாது?"

நாகப்பன் பேப்பரை மேஜைமேல் விரித்து, செய்தியின்மேல் விரலை வைத்தார்.

"அதுக்குத்தான் நானே போன் பண்ணி நாலடின்னு சொன்னேன். நீங்க இன்னாடான்னா டேப்பு புட்ச்சி ஆறடியாக்கிகினு கீறீங்க."