ஒரு விரல்

அவள் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள்.

ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அவன் பார்த்தான்.

கடலுக்கடியில் பதினாறு மீட்டர் ஆழம். கையுறைக்குள்ளும் விரல்கள் மரத்துப்போகிற குளிர். பாறை விளிம்பில் பழுப்புக் கடற்பாசிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. அலை இழுத்தபோது மொத்தமாகச் சாய்ந்தன, விட்டபோது மொத்தமாக நிமிர்ந்தன.

மெல்பர்னுக்குத் தெற்கே இந்த இடத்துக்கு அவர்கள் வருவது நான்காம் முறை. மூன்று முறையும் தேடிக் கிடைக்காதது இப்போது அவன் கேமராவுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

கடல்டிராகன்.

கடல்குதிரை இனத்து மீன். குழல்போல நீண்ட மூக்கு. உடலெங்கும் பாசி இலைகள் முளைத்தது போன்ற தோற்றம். வாலுக்கடியில் இளஞ்சிவப்பாக முட்டைகள்.

அவள் மறுபடியும் கையை ஆட்டினாள். இந்தமுறை நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் பெரிதாக இருந்தன.

அவன் ஒரு விரலை உயர்த்தினான்.

கொஞ்சம் பொறு.

நான்கு படங்கள் எடுத்தான். நான்காவது நன்றாக வந்திருந்தது. காட்டுவதற்காகத் திரும்பினான்.

அவள் அங்கே இல்லை.

நிமிர்ந்து பார்த்தான். வெகு மேலே, வெளிச்சத்தை நோக்கி, அவள் கால்கள் உதைத்துக்கொண்டே போயின.

படகுத் தளத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடி. படகோட்டி அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். கீழே அவள் ஏதாவது சைகை காட்டினாளா என்று கேட்டார்.

ஈரம் சொட்ட நின்றிருந்தான்.

இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.

மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்திருக்கிறாள் என்றார்கள் மருத்துவமனையில். நுரையீரலிலிருந்து காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போயிருக்கிறது. இரண்டு நாட்கள் உயர் அழுத்த அறைக்குள் வைத்து வைத்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் பேச்சு வந்தது. இடது கை விரல்கள் அரைகுறையாகத்தான் மடங்கின. இனி கடலில் மூழ்கவே கூடாது.

அந்தச் சில நிமிடங்கள் மட்டும் அவள் நினைவுக்குத் திரும்பவே இல்லை.

"ஒங்கட்ட சொல்லாமலா ஏறிட்டேன்?" என்று கேட்டாள்.

அவன் தண்ணீர்க் குவளையை அவள் உதட்டருகே பிடித்தான்.

"ரொம்பப் பயந்திருப்பீங்க. மன்னிச்சிருங்க."

குடித்தாள்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கடல் தெரிந்தவள். சேலத்துக்காரனான அவனுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு நீச்சல் பழக்கியதே அவள்தான். வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து மிதக்க வைத்தாள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள், தன் தப்புதான் என்று. ஊரிலிருந்து அம்மா அழைத்தபோதும் அதையே சொன்னாள். அம்மா அதோடு விடவில்லை. கூட வந்த மனுசனைக் கடலுக்குள்ள விட்டுட்டு வந்தியே என்று வாரம் தவறாமல் திட்டினாள். ஜெசிந்தா சிரித்தபடி கேட்டுக்கொள்வாள். அவன் பக்கத்து அறையில் துணி மடிப்பான்.

நான்கு மாதங்கள்.

விற்க வைத்திருந்த அவளுடைய முக்குளிப்பு உடையான வெட்சூட்டைப் பார்க்க, ஞாயிறு காலை ஓர் இளம் தம்பதி வந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பவதாரிணி என்று பெயர் சொன்ன அந்தப் பெண், உடையைத் தோளோடு வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு அளவாத்தான் இருக்கும் போல கிடக்கு, அக்கா."

ஜெசிந்தா முகமெல்லாம் மலர்ந்தாள். கழுத்துப் பட்டையை எப்படிப் போடுவது என்று வலது கையால் காட்டிக் கொடுத்தாள். பெண்ணின் கணவன் மற்ற சாமான்களைக் காருக்குக் கொண்டுபோனான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன் கேளும்மா. கீழ என்ன ஆனாலும் மொதல்ல கூட வந்தவங்களுக்குக் கையக் காட்டு. காட்டாம ஏறிராத. நான் காட்டல. அதான் இப்படி."

"ஓம் அக்கா."

அவன் கையில் இருந்த சாமானைக் கீழே வைத்தான்.

"இவ காட்டினா," என்றான்.

பெண் அவனைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவை காட்டினா. நான் பாத்தேன். படம் எடுத்துட்டு வரேன்னு நிக்கச் சொன்னேன்."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா அவன் பக்கம் திரும்பவில்லை. உடையை மடித்துப் பையில் வைத்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. மடங்காத விரல்களால் பையை அழுத்திக்கொண்டு, வலது கையால் கடைசி வரை இழுத்து மூடினாள்.

"கொண்டு போம்மா. பத்திரமா போயிட்டு வாங்க."

கார் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றாள்.

உள்ளே வந்து மேசைமேல் இருந்த போனை எடுத்தாள். தூத்துக்குடியில் அம்மா காலைப் பூசைக்குக் கிளம்புகிற நேரம்.

எண்ணை அழுத்தினாள். காதில் வைக்கவில்லை. அவனிடம் நீட்டினாள்.

"அம்மாட்ட நீங்களே சொல்லுங்க."

வாங்கிக்கொண்டான்.

மறுமுனையில் மணி போய்க்கொண்டிருந்தது.