சுவருக்கு அந்தப் பக்கம்

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாத ஒரு பிள்ளை இருக்கு" என்றாள் ஷாமினி.

வழக்கமாக இந்த இடத்தில் பிள்ளைகள் கெக்கட்டம் போட்டுச் சிரிப்பார்கள். இன்றைக்கு ஒரு மூச்சும் இல்லை.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பொருளியலை அறிமுகப்படுத்தச் சொல்லிப் பல்கலைக்கழகம் அவளை அனுப்பியிருந்தது. "கெட்டிக்காரரை மட்டும் இருத்தாதேங்கோ சேர், எல்லாப் பிள்ளையளும் வேணும்" என்று அதிபர் இராசநாயகத்திடம் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாள்.

"எங்கடை பதினோராம் ஆண்டு இவ்வளவும்தான், மிஸ்" என்றார் அவர், வாசலை மறித்து நின்றபடி.

"ஆளுக்குப் பத்து டொபி. அந்தப் பிள்ளைக்கு எத்தினை குடுக்க விருப்பமோ அதை இந்தப் பெட்டிக்குள்ளை போடுங்கோ. மிச்சம் உங்களுக்கு. ஆர் எவ்வளவு போட்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

பெட்டி சுற்றி வந்தது. ஷாமினி வாங்கிப் பார்த்தாள். நிரம்பி வழிந்தது பெட்டி. ஒரு மேசையிலும் ஒரு டொபி மிச்சமில்லை.

உடுவிலுக்குப் போனாலும் சரி, சாவகச்சேரிக்குப் போனாலும் சரி, ஆளுக்கு இரண்டோ மூன்றோதான் விழும். 'மனுசர் முதலில் தங்களைத்தான் பார்ப்பினம்' என்று அதைக் காட்டித்தான் அவள் பாடத்தையே தொடங்குவாள். இப்போது எங்கே தொடங்குவது?

"ஏன் பிள்ளையள், ஒருத்தருக்கும் டொபி பிடிக்காதோ?"

எல்லாத் தலையும் குனிந்திருந்தது.

ஷாமினிக்கு விசர் வந்தது. "நடிச்சது காணும்! சும்மா விளையாட்டுக்குச் சொன்னனான். அந்த அறையிலை ஒருத்தரும் இல்லை."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

ஷாமினி சட்டெனச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிள்ளைகளோ ஒருவரும் திடுக்கிடவில்லை, நிமிரவும் இல்லை.

"சேர், அங்கை ஆர்?"

"அது... பழைய ஸ்ரோர், மிஸ். எலியாயிருக்கும்."

"எலி இருமுமோ, சேர்?"

முன்வாங்கிலிருந்த உதயகலா மெல்ல எழும்பினாள். கண் கலங்கியிருந்தது. டொபிப் பெட்டியைத் தூக்கி ஷாமினியின் கையில் வைத்தாள்.

"கெதியாக் குடுங்கோ, மிஸ். அங்கை ஃபானும் இல்லை."

பக்கத்து அறைக் கதவு வெளியால் தாழ்ப்பாள் போட்டிருந்தது. "மிஸ், மிஸ்" என்று பின்னால் ஓடிவந்த அதிபரைத் திரும்பியும் பாராமல் ஷாமினி இழுத்துத் திறந்தாள்.

இருட்டுக்குள், வெறும் நிலத்தில், வரிசை வரிசையாகப் பிள்ளைகள். எல்லோரும் வாயில் விரல் வைத்திருந்தார்கள்.

முன்னாலிருந்த ஒருத்தி வேர்த்து ஒழுகியபடி மெதுவாகக் கேட்டாள்.

"யூனிவேர்சிற்றி ஆக்கள் போயிட்டினமோ, அக்கா? பெயில் விட்ட எங்களைக் கண்டால் பள்ளிக்கூடத்துக்கு மரியாதை இல்லையாம். இனி இருமலாமோ?"